சமத்து

டாக்டர் இரும்புத் தட்டைச் சிப்பியின் முதுகுக்குப் பின்னால் நழுவ விட்டார்.

சத்தம் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியையே உலுக்கியது. வாசலில் ஆட்டுக்குட்டியோடு காத்திருந்தவர்கூட எட்டிப் பார்த்தார்.

சிப்பி திரும்பவில்லை. மேசைமேல் நின்றபடி, தன்னைக் கூட்டிவந்தவள் முகத்தையே பார்த்து வாலை ஆட்டியது.

இன்னொரு முறை போட்டார்.

வால்தான் ஆடியது.

ரெண்டு காதும் கேட்கவில்லை, பிறவியிலேயே அப்படித்தான் இருந்திருக்கும், வெள்ளை ராஜபாளையம் நாய்களில் இது உண்டு என்றார். ரெண்டு வருஷமாகவா தெரியவில்லை என்று அவளைக் கேட்டார்.

எப்படித் தெரியும்?

அந்த வீட்டில் யார் நாயை வாய்விட்டுக் கூப்பிட்டார்கள்? அவள் மகள் நிரஞ்சனாவுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. வீட்டில் எல்லாமே கைதான். சாப்பிட வா என்பதும் கை, போதும் என்பதும் கை. குட்டியாக வந்த நாளிலிருந்து சிப்பி அந்தக் கைகளைப் பார்த்தே வளர்ந்தது. விரலை மடக்கினால் ஓடி வரும். உள்ளங்கையைக் காட்டினால் உட்காரும். என்ன சமத்து என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

நிரஞ்சனாவையும் அப்படித்தான் சொன்னாள். தீபாவளி வெடிக்குக்கூட அழாமல் தூங்கிய குழந்தை. நினைத்தால் இன்றைக்கும் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

வந்த காரியம் வேறு. அடுத்த பருவத்தில் சிப்பியை அவளுடைய அண்ணன் வீட்டு நாய் வீராவோடு சேர்க்கலாமா என்று கேட்டுப்போக வந்தார்கள். நிரஞ்சனாவிடம் சொல்லியாகிவிட்டது. அவள் இப்போதே குட்டிகளுக்காக அட்டைப்பெட்டியில் பழைய சேலையை விரித்து வைத்திருக்கிறாள்.

வீரா எந்த வழி என்று டாக்டர் கேட்டார்.

ரெண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்றார் அவள் கணவர்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சொந்தத்துக்குள்ளயே சேர்த்தா இப்படித்தாங்க வரும். செவிட்டுக் குட்டிய யாரு வாங்குவா? தெரிஞ்சதும் ரோட்டுல விட்டுருவாங்க."

நல்ல மனுஷன்தான். நாயைப் பற்றித்தான் சொன்னார்.

அவள் கணவர் அவளுடைய அம்மாவின் தம்பி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் அவள் அவரை மாமா என்றே கூப்பிடுகிறாள். குழந்தையைக் காட்டப் போனபோது வேறொரு டாக்டர் இதே குரலில்தான் கேட்டார், சொந்தத்தில் கல்யாணமா என்று. அன்றைக்கு மாமா தரையைப் பார்த்தார்.

இன்றைக்கும் தரையைத்தான் பார்த்தார்.

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், சிப்பிக்கும் அதுதான் நல்லது என்று டாக்டர் ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் போதும்.

அவர் சொன்னது சரி. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். நிரஞ்சனா. இவ்வளவு நேரமும் வாசலில் ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். தட்டு விழுந்தபோது அவளும் திரும்பவில்லை.

சிப்பிக்கு என்ன என்று விரல்கள் கேட்டன.

காது கேட்காது என்று அவள் கையால் சொன்னாள்.

நிரஞ்சனாவின் முகம் அப்படியே மலர்ந்தது. சிப்பியைத் தொட்டாள். தன் நெஞ்சைத் தொட்டாள்.

என்னை மாதிரியா?

அவள் தலையாட்டினாள்.

குட்டிகளுமா?

அதற்கும் தலையாட்டினாள். வேறென்ன செய்வாள், பாவி.

நிரஞ்சனா குதித்தாள். கைகள் பறந்தன. ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்க வேண்டாம். எல்லாம் நம் வீட்டிலேயே இருக்கட்டும். நானே பேசக் கற்றுக்கொடுப்பேன்.

டாக்டர் அப்போதுதான் அந்தக் கைகளைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நீட்டிய தாளைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பாப்பா என்ன சொல்லுது என்று மெல்லக் கேட்டார்.

மாமா தலையைத் தூக்கவில்லை.

நிரஞ்சனாவுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சு புரியும்.

மகள் பார்க்காதபடி அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சரிங்குறா, சார்."