கோணல் வட்டம்

டிராயிங் மாஸ்டர் பிலோமின்ராஜ் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். அப்படியும் காபி மேசையில் தளும்பியது.

தலைமையாசிரியர் அடைக்கலராஜ் ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் தள்ளினார். "மொட்டைக் கடுதாசி வருது, மாஸ்டர். இனிமே குடிக்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா ராஜினாமா எழுதுங்க. பசங்க சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டுங்க."

"உங்களால முடியாததா? போன மாசம் இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு போர்டுல ஒரே இழுப்புல வட்டம் போட்டீங்க. கை ஆடவே இல்லையே. அந்த ஒரு நாள் மாதிரி தினமும் இருந்தா என்ன?"

பிலோமின்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனாவை எடுத்து, கேட்டபடியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். கோழி கிளறியது போல் இருந்தது எழுத்து.

"இது எங்கப்பாவுக்கும் இருந்த நடுக்கம். ரெண்டு மடக்கு பிராந்தி உள்ளே போனா கொஞ்ச நேரம் அடங்கும்னு புத்தூர் டாக்டர் சொன்னார். நான் தொட்டதில்லை. உங்களுக்கெல்லாம் பயந்து, இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு மட்டும்தாங்க குடிச்சேன்."

தாளைத் தலைமையாசிரியர் முன்னால் வைத்துவிட்டு எழுந்தார்.

"இனிமே குடிக்க மாட்டேன். வட்டம் கோணலாத்தான் வரும்."