காரப்பாக்கம், எட்டு பதினேழு

லெஃப்ட் பிரேஸ். கோட். கந்தன்சாவடி. கோட். கோலன். கோட். ஏழு நான்கு. கோட். கமா. கோட்.

அவள் நிறுத்தினாள்.

மறுபடி முதலிலிருந்து.

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை ஹெட்போனில் ஒரு குரல் வாசிக்கும். எழுத்து, குறி, எதையும் விடாது. அவ்வளவு நாணயமான குரல்.

நான்கு பள்ளி வேன்கள், நாற்பத்தாறு நிறுத்தங்கள். நிறுத்தத்தின் பெயர் சாவி, வேன் வரும் நேரம் அதன் மதிப்பு. எல்லாம் நிரலில் டிக்ஷனரி என்று சொல்லும் ஒரே பட்டியலில். அதில் ஏதோ ஒரு நேரம் தப்பு. மூன்று நாட்களாக எங்கேயோ சில பிள்ளைகள் வேனைத் தவறவிடுகிறார்கள். எங்கே என்று பள்ளிக்காரர்கள் சொல்லவில்லை. பெற்றோர் திட்டியதை மட்டும் விவரமாகச் சொன்னார்கள்.

சோதனைக் காலத்தின் கடைசி நாள் இன்று.

"நாலு மணிக்குள்ள கண்டுபிடிச்சிடு ஜெபா. மேல கேப்பாங்க, நான் பதில் சொல்லணும்ல" என்று டீம் லீட் காலையில் சொல்லியிருந்தார். அன்பாகத்தான் சொன்னார்.

மணி மூன்று.

கண்ணுள்ளவர்கள் அந்தப் பட்டியலை ஒரு மேய்ச்சல் மேய்ந்துவிடுவார்கள். அவள் காதிலோ அது அடைப்புக்குறியும் மேற்கோளும் கமாவுமாக, ஒரே மூச்சில் வந்து கொட்டியது. குறிகளை வாசிக்க வேண்டாம் என்று அணைத்தால், ஊரும் நேரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இருபதாவது ஊர் வருவதற்குள் பத்தாவது ஊர் மறந்தது.

பட்டியலைக் காட்டும் நிரல் பக்கத்து மேசை மாதேஷுடையது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைத் தொட முடியாது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

கேட்கமாட்டாள். தனக்காக இந்த அலுவலகத்தில் ஒரு கமாகூட நகரக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தாள். வீம்புதான். அந்த வீம்பில்தான் நாசரேத்திலிருந்து சென்னை வரை வந்தாள்.

மறுபடி அழுத்தினாள்.

கந்தன்சாவடி, ஏழு நான்கு.

பெருங்குடி, ஏழு ஏழு.

விரல் அப்படியே நின்றது.

அடைப்புக்குறி இல்லை. மேற்கோள் இல்லை. வரிக்கு ஓர் ஊர். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குரல் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டது. அம்புக்குறியால் எழுத்தெழுத்தாக நகர்ந்து பார்த்தாள். வரி முடிவில் ஒரு முற்றுப்புள்ளி.

பார்க்கிறவர்களுக்கு அந்தப் புள்ளி எதற்கு? அது காதுக்காக வைத்தது.

துரைப்பாக்கம், ஏழு பத்து.

மேட்டுக்குப்பம், ஏழு பதின்மூன்று.

காரப்பாக்கம், எட்டு பதினேழு.

சோழிங்கநல்லூர், ஏழு இருபத்திரண்டு.

டீம் லீடுக்கு ஒரே வரி அனுப்பினாள். உடனே பதில் வந்தது. 'அதேதான். திங்கட்கிழமை வந்து பணி நிரந்தர ஆர்டரை வாங்கிக்கோ.'

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. யார் கேட்டார்கள் இந்த மாதேஷை? பாவம் பார்க்க இவன் யார்? நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

அவனுடைய ஹெட்போனிலிருந்து ஒரு குரல் கசிந்துகொண்டிருந்தது.

அதே குரல். அவள் கேட்கும் வேகத்தில் கால்வாசிகூட இல்லை. பெருங்குடி. நின்றது. தப்பான விசை ஒன்று தட்டுப்பட்டது. மறுபடி கந்தன்சாவடி. இரண்டாம் வேனின் பட்டியலுக்கு அவன் இன்னும் போய்ச் சேரவே இல்லை. தட்டுத்தடுமாறி, திரும்பத் திரும்ப, அதே நான்கு ஊர்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தான்.

எத்தனை நேரமாக என்று தெரியவில்லை. மதியம் அவன் சாப்பிட எழுந்த சத்தம் கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

கேட்க நினைத்த நாலு வார்த்தையும் எங்கேயோ போயிற்று. அந்தப் புள்ளிகளை அவன் காதால் கேட்டுக் கேட்டுத்தான் வைத்திருக்கிறான்.

"மாதேஷ்."

குரல் நின்றது.

"வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கோங்க. இப்படிக் கேட்டா பட்டியல்ல நாவலூர் வரைக்கும் போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்."

அவன் இரண்டு மூன்று விசைகளைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"எப்படிக் கூட்டறதுன்னு தெரியலைங்க" என்றான்.

அவள் தன் நாற்காலியை அவன் மேசைப் பக்கம் நகர்த்தினாள்.