மரபு அணிக்கு ஒரு ஓட்டு

"வீட்டுக்காரர் பேரா? அதை எப்படித் தம்பி என் வாயால சொல்றது?"

கம்பிக் கதவுக்கு உள்ளே நின்ற கமலம் வெட்கப்பட்டுச் சிரித்தார். வெளியே பிரசுரக் கட்டோடு நின்ற தனசேகரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜூரோங் அடுக்குமாடிக் குடியிருப்பில் புளோக் புளோக்காக ஏறி இறங்கியதற்கு இன்றைக்குத்தான் பலன் கிடைத்திருக்கிறது!

"இது போதும்கா! சிங்கப்பூர்ல, இந்தக் காலத்துல, புருஷன் பேரைச் சொல்லாத ஒருத்தங்க! எங்க மரபு அணி உங்களை மாதிரி ஆளுங்களை நம்பித்தான் நிக்குது."

"வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்க" என்று கமலம் கதவைத் திறந்துவிட்டு, கோப்பியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த ஞாயிறு வட்டாரத் தமிழர் சங்கத்துக்குத் தேர்தல். மரபு அணி ஜெயித்தால் பொங்கல் வழக்கம்போல் புளோக்குக்குக் கீழே, விடியற்காலையில், மண்பானையில். எதிரணி ஜெயித்தால் நட்சத்திர ஹோட்டலில் பஃபே, டிஜே, ஆட்டம்பாட்டம். இரண்டு பக்கமும் சமபலம், ஒரு ஓட்டில்கூட முடிவு மாறலாம் என்று பேட்டை முழுக்கப் பேச்சு.

தனசேகரன் காத்தோங்கிலிருந்து இங்கே குடிவந்து ஒரு வருடம்தான் ஆகிறது. வந்த புதிதில் கீழே பானை பொங்கியபோது, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிகளும் சேர்ந்துகொண்டு "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியதைப் பார்த்தான். அன்றைக்கே சங்கத்தில் சேர்ந்துவிட்டான். அது நின்றுபோனால் அவனுக்கு மனசே ஆறாது.

"அண்ணன் வெளிய போயிருக்காரா?"

"காலையிலேயே கிளம்பிட்டாரு. போன மாசம்தான் ரிட்டயர் ஆனாரு தம்பி. கல்யாணம் ஆனதுலேருந்து கப்பல் பட்டறையில ஷிப்ட் வேலை. அவரு வந்தா நான் தூங்குவேன், நான் எழுந்தா அவரு தூங்குவாரு. ஒண்ணா உக்காந்து நாலு வார்த்தை பேசினதில்ல."

"இனிமே பேசலாம்கா. பொங்கலுக்கு ஜோடியா கீழ வாங்க!"

"ஆனா பஃபேன்னா பாத்திரம் தேய்க்கிற வேலை இல்லையே?"

தனசேகரனுக்குப் பகீரென்றது. "அக்கா! நீங்களே இப்படிப் பேசலாமா? எல்லாம் அந்த அழகேசன் கிளப்பிவிட்டது லா. எதிரணியில தலைவருக்கு நிக்கிறாரே, அவருதான். நான் நேர்ல பார்த்ததில்ல, போஸ்டர்ல பார்த்ததோட சரி. பார்த்தாலே தெரியுது, வாயாலேயே வடை சுடுற ஆளு!"

கமலம் விழுந்து விழுந்து சிரித்தார். "வடையா? அவருக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது."

"கரெக்டா சொன்னீங்க! அதுவும் மீசைக்கு மை பூசி ஒரு போஸ் வேற."

"ஐயோ, போஸ்டர்லயே தெரியுதா?"

அக்கா இவ்வளவு ஆர்வமாகக் கேட்டதில் தனசேகரனுக்கு இன்னும் குஷி பிறந்துவிட்டது. முறுக்கை நொறுக்கிக்கொண்டே அழகேசனின் தொப்பை வரைக்கும் பேசித் தீர்த்தான்.

"சரி தம்பி, தலைவர் ஆனா வேலை ரொம்ப இருக்குமோ?"

"பின்னே? எங்க வடிவேலு அண்ணனைப் பாருங்க. தலைவர் ஆனதுலேருந்து தினம் மீட்டிங். ஞாயித்துக்கிழமை ஆனா தேக்காவுல ஏதாவது நிகழ்ச்சி. வீட்டுச் சாப்பாட்டு ருசியையே மறந்துட்டாரு. அப்படி ஒரு உழைப்பு!"

"அவரு பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லணும்னா ஆள் கண்ணுல படணுமேக்கா!" தனசேகரன் தன் நகைச்சுவைக்குத் தானே தொடையைத் தட்டிச் சிரித்தான். இந்த முறை கமலம் சிரிக்கவில்லை.

வெளியே லிஃப்ட் திறந்தது. மஞ்சள் டீ-சட்டையும் கையில் எதிரணிப் பிரசுரமுமாக ஒருவர் நேராக இந்த வீட்டை நோக்கி வந்தார். போஸ்டரில் பார்த்த அதே மீசை.

"அக்கா, அந்த ஆளே ஓட்டுக் கேக்க வர்றாரு! உள்ள விடாதீங்க!" தனசேகரன் பாய்ந்துபோய்க் கம்பிக் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டான்.

வந்தவர் நிதானமாகச் செருப்பைக் கழற்றி வாசலோரச் செருப்பு அலமாரிக்குள் வைத்தார். அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கமலம், யாரு இது? என் வீட்டுக் கதவை என்னையே திறக்க விடாம?"

தனசேகரன் சட்டென்று கதவை விட்டுவிட்டான். வடை, மீசை, தொப்பை எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. "சாரி சார், புளோக் மாறி வந்துட்டேன்" என்று உளறிவிட்டுப் பிரசுரக் கட்டை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினான்.

லிஃப்ட் பொத்தானை மாற்றி மாற்றி அமுக்கினான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இந்த மாடி ஓட்டு மொத்தமும் போச்சு, பொங்கலும் போச்சு என்று தன்னையே திட்டிக்கொண்டான். அழாத குறைதான்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கமலம் வேக வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, சத்தியமா தெரியாதுக்கா. மன்னிச்சிடுங்க. கோவத்துல எங்களுக்கு எதிராப் போட்டுடாதீங்க..."

கமலம் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அவன் கையிலிருந்த பிரசுரங்களில் பாதியைப் பிடுங்கிக்கொண்டார்.

"இந்த மாடியை நான் பார்த்துக்கறேன். நீங்க மத்த மாடிக்கு ஓடுங்க" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"எப்படியாவது அவரைத் தோக்கடிச்சு வீட்டுக்கு அனுப்பி வைங்க தம்பி!"