வாசலைப் பார்த்த பக்கம்

முதல் இழுப்பில் காதுக்கு மேல் குளிர்ந்தது.

ஈர முடி கற்றையாக மடியில் விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மொட்டை மண்டபத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். சுவரோரமாகத் தண்ணீர்க் குவளைகள், சவரக் கத்திகள், குனிந்த தலைகள்.

முடி போனால் முகம் மாறும். மீசையும் போனால் இன்னும் மாறும். பிறகு தலை நிறையச் சந்தனம். மலையடிவாரத்தில் திரியும் அத்தனை மொட்டைகளில் அவனும் ஒரு மொட்டை. எந்தப் பேருந்திலும் ஏறிவிடலாம்.

பக்கத்தில் ஒரு குழந்தை அலறியது.

மூன்று வயதிருக்கும். தண்ணீர் தெளித்த தலையோடு தாயின் பிடியிலிருந்து வழுக்கி வழுக்கி இறங்கியது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

அவன் முகத்தைத் தாழ்த்திக்கொண்டான்.

“தாய்மாமன் எங்கம்மா? மடியில வெச்சுப் புடிச்சாத்தான் ஆகும்,” என்றார் முடி எடுப்பவர், அவன் தலையிலிருந்து கத்தியை எடுக்காமல்.

“அண்ணன் வந்த வண்டி பஞ்சராயி வழியில நிக்குதுங்க. பத்தரைக்கு ராகு காலம் வந்துருமுங்க. தனு, அழுவாத கண்ணு.”

குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது.

அவன் தலையில் ஒரு பக்கம் காணாமல் போயிருப்பதை அப்போதுதான் பார்த்தது. ஈரக் கையை நீட்டி மழித்த இடத்தைத் தொட்டது. சிரித்தது. நகர்ந்து வந்து அவன் மடியில், அவன் முடியின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பெண் தயங்கினாள். அவளும் வாசலைப் பார்த்தாள். வேறு யாரோ வருவதற்காக.

“தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. நீங்களே செத்த வெச்சுக்கறீங்களா?”

அண்ணா.

அவனுக்கு ஒரு தங்கை உண்டு. அவளுக்கும் ஒரு பெண் குழந்தை. தை மாதம் முடி எடுப்பதாக இருந்தது. அவன் மடியில் வைத்து.

முந்தாநாள் தங்கையின் கணவன் அவள் தலையைச் சுவரில் மோதினான். தடுக்கப் போன இவன் கைக்குக் கிடைத்தது தேங்காய் வெட்டும் அரிவாள். வெட்டிவிட்டான்.

போலீஸில் அவன் பெயரைச் சொன்னது தங்கைதான்.

சொல்லும்போது அழுதாளா என்று அவனுக்குத் தெரியாது.

குழந்தையின் தலைக்கு வேறு கத்தி வந்தது. குழந்தை தன் தலையை இழுத்துக்கொண்டு அவன் தலையைக் காட்டியது.

“மாமாவுக்கு.”

அவனுக்கு ஓர் இழுப்பு.

“இப்ப எனக்கு.”

“இதென்ன கூத்து! மாமனுக்கும் மருமவளுக்கும் சேத்து ஒரே மொட்டையா?” என்று சிரித்தார் முடி எடுப்பவர். இரண்டு கத்திகளையும் மாற்றி மாற்றி எடுத்தார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள்.

அவன் வாயும் சிரிப்பதுபோல் கொஞ்சம் திறந்தது.

அப்போது வாசலில் காக்கி தெரிந்தது.

இருவர். ஒருவர் கையில் செல்போன். திரையைப் பார்ப்பதும் குனிந்த முகங்களைப் பார்ப்பதுமாக வரிசையின் அந்த முனையிலிருந்து வந்தார்கள்.

வாசலைப் பார்த்த பக்கத்தில்தான் அவனுக்கு இன்னும் முடி இருந்தது.

“எனக்கு மொதல்ல முடிச்சிருங்க,” என்றான். அவன் குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

கத்தி அவன் பக்கம் திரும்பியது. குழந்தையின் உதடு பிதுங்கியது.

அலறினால் எல்லோரும் திரும்புவார்கள்.

அவனே அதன் தலையைச் சாய்த்துக் கொடுத்தான்.

பின்னால் குளிக்கும் குழாய்கள். அதைத் தாண்டிச் சுவர் இடிந்த இடம். அப்பால் தோப்பு. மடியை உதறிவிட்டு எழுந்தால் எட்டிவிடலாம்.

அவன் தலைக்கான கத்தி குவளையின் மேல் கிடந்தது. கைக்கெட்டும் தூரம். மடியில் குழந்தை.

அந்த எண்ணமும் வந்தது.

கண்ணை இறுக மூடித் திறந்தான்.

“ஆடாமப் புடிங்க. காதோரம் வருது.”

இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தச் சின்னத் தலையைப் பிடித்தான். சூடாக இருந்தது. நெற்றிப்பொட்டில் நாடி துடிப்பது விரலில் தெரிந்தது. தங்கை மகளுக்கும் இப்படித்தான் துடிக்கும்.

பூட்ஸ் சத்தம் நெருங்கியது.

நின்றது.

“நாச்சிமுத்து.”

அவன் பெயர்தான். மிக அருகில், மெதுவாக.

கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. திருப்பவில்லை. கத்தி குழந்தையின் காது மடிப்பில் இருந்தது. அவன் திரும்பினால் குழந்தையும் திரும்பும்.

தோளில் ஒரு கை விழுந்தது. கனமான கை.

அவன் விரல்கள் அசையவில்லை.

கத்தி கடைசி முடியை எடுத்துக்கொண்டு விலகியது. ஒரு கீறல்கூட இல்லை.

அந்தப் பெண்ணின் கைகள் குழந்தையை வாங்க நீண்டன. அவன் தோளில் இருந்த கையைப் பார்த்ததும் பாதியில் நின்றன.

குழந்தை தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டது. பிறகு நிமிர்ந்தது. அந்தக் கையைப் பார்த்தது. தொப்பியைப் பார்த்தது. தொப்பிக்குக் கீழே தெரிந்த முடியைப் பார்த்தது.

“மாமாவுக்கு இன்னும் இருக்கு,” என்றது. “அப்பறந்தான் உனக்கு.”



முடி எடுப்பவர் அவனுடைய கத்தியைத் தண்ணீரில் அலசினார். காவலரின் முகத்தைப் பார்த்தபடி அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

தோளில் இருந்த கை விலகவில்லை. அழுத்தவும் இல்லை.

அவன் தலையைத் தாழ்த்தினான்.

வாசலைப் பார்த்த பக்கத்தைக் காட்டினான்.