நாற்பத்தேழாம் நம்பர் வில்லை

"சுத்தி வளைக்காம கேளுங்க, டிரஸரய்யா. சுப்பையன் அண்ணனுக்கு வந்தது எங்க வீட்டுக்காரருக்கும் வருமா, வராதா?"

பூங்காவனம் கேட்டதை, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸர் சேதுராமன் வெள்ளைக்கார டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். கேள்வி ஒரு நொடியில் முடிந்துவிட்டது. டாக்டரின் பதில்தான் முடிகிற வழியாக இல்லை. அவர் பேசப் பேசப் பூங்காவனம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அவள் புருஷன் பொன்னுதுரையோ பக்கத்து நாற்காலியில், பரிசு வாங்க வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த அடுத்த வருஷம் அவர்கள் ஊரான காஜா பேராங்குக்கு ஒரு கான்டிராக்டர் ஆள் எடுக்க வந்தான். நடுக்கடலில் ஒரு தீவாம். வெள்ளைக்காரர்கள் அணுகுண்டு வெடித்துப் பார்த்த இடம். வெடித்தவர்கள் போய்விட்டார்கள், கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும். லாரிகளைக் கழுவ வேண்டும், மேல்மண்ணை வாரிக் குழியில் கொட்ட வேண்டும். பொன்னுதுரையும் உஜோங் பாசிர் சுப்பையனும் கப்பலேறிப் போய் ஆறு மாதம் ஒரே குழியில் ஜோடியாக மண் வாரிவிட்டு வந்தார்கள்.

மூன்று வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சுப்பையனுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. ரத்தத்தில் புற்று என்றார்கள். போன மாதம் அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்றோடு பூங்காவனத்துக்குத் தூக்கம் போயிற்று. புருஷன் பல் தேய்த்துத் துப்பினால் ஓடிப்போய்க் குனிந்து பார்ப்பாள். அவன் முழங்கையில் கொஞ்சம் நீலம் பாரித்திருந்தால் எங்கே இடித்தது, எப்போது இடித்தது என்று போலீஸ்காரர் மாதிரி துருவுவாள். அவன் கட்டிலில் இடித்திருக்கும் என்பான். இவள் போய்க் கட்டிலைத் தடவிப் பார்ப்பாள். இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்ற பயம் அவளை அரித்துத் தின்றது. அந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது. தீவில் வேலை செய்தவர்களைப் பார்க்கச் சிங்கப்பூரிலிருந்து டாக்டர் வருகிறாராம்.

டாக்டர் பேசி முடித்ததைச் சேதுராமன் தமிழில் விளக்கினார். தீவில் ஒவ்வொருவருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள நம்பர் போட்ட ஒரு வில்லை கொடுத்தார்கள் அல்லவா, அதற்குள் ஒரு துண்டு ஃபிலிம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கதிர் எவ்வளவு படுகிறதோ அவ்வளவு அது கறுக்கும். கறுப்பை அளந்தால் உடம்பு வாங்கியது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அவ்வளவு வாங்கியவர்களில் ஆயிரத்துக்கு எத்தனை பேருக்குப் புற்று வரலாம் என்பதை, ஜப்பானில் குண்டு விழுந்த ஊர்க்காரர்களை வைத்து ஒரு மாதிரி கணக்குப் போடலாம்.

"ஆயிரத்துல அது யாருன்னு சொல்லுவாரா?" என்றாள் பூங்காவனம்.

சேதுராமன் இதை மொழிபெயர்க்கவில்லை. பொன்னுதுரை காதில் இதெல்லாம் ஏறியதாகவே தெரியவில்லை. அவன் கண் மேசை மேலிருந்த ஃபிலிம் உறைகளையே சுற்றிக்கொண்டிருந்தது.

டாக்டர் முதலில் சுப்பையனின் ஃபிலிமை எடுத்துக் காட்டினார். அடுப்புக்கரி தோற்றுவிடும். பூங்காவனம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அடுத்தது பொன்னுதுரையின் நாற்பத்தேழாம் நம்பர் உறை. டாக்டர் அதைப் பிரித்து ஃபிலிமை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

அதன் வழியாக வெளியே நிற்கும் தென்னை மரம் தெளிவாகத் தெரிந்தது.

டாக்டருக்கே நம்பிக்கை வரவில்லை. நம்பரை இரண்டு தடவை சரிபார்த்தார். இது உன்னுடையதுதானா என்று கேட்கச் சொன்னார். என்னுடையதேதான் என்றான் பொன்னுதுரை. டாக்டர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏதோ அதிர்ஷ்டம், காற்று அந்தப் பக்கம் அடித்திருக்கிறது, அந்தத் தீவையே பார்க்காதவனுக்கு என்ன ஆபத்தோ அதுதான் இவனுக்கும் என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்குச் சிங்கப்பூர் போக வேண்டியவர்களின் பட்டியலில் பொன்னுதுரை பெயரை அடித்தார். முழங்கையில் இருக்கும் நீலத்தைப் பற்றிப் பூங்காவனம் விடாமல் கேட்டாள். ஃபிலிம் பொய் சொல்லாது, கீரை சமைத்துப் போடு என்று பதில் வந்தது.

டாக்டரின் கார் சிங்கப்பூருக்குப் புறப்பட்டுப் போன பிறகும் பூங்காவனம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். போன உயிர் திரும்பி வந்த அழுகை. பெச்சா ரிக்‌ஷாவில் ஏறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாசாரில் இறங்கி ஆட்டிறைச்சி வாங்கலாம் என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்துப் பொன்னுதுரைக்கும் முகம் மலர்ந்தது.

"என்னங்க, ரெண்டு பேரும் ஒரே குழியிலதானே மண்ணு வாரினீங்க? அண்ணனைப் பிடிச்சது உங்களை விட்டுடுச்சே. எல்லாம் முருகன் செயல்."

"முருகன் பாதி, என் கெட்டிக்காரத்தனம் பாதி, புள்ள" என்றான் பொன்னுதுரை. "வில்லையை அழுக்காக்கிட்டா அடுத்த தடவை வேலைக்குக் கூப்பிட மாட்டோம்னு எங்களை வேலை வாங்குன மண்டோர் அன்னைக்கே சொல்லிட்டாரு. சுப்பையன் கேட்டானா? தெனமும் மார்ல குத்திக்கிட்டு மண்ணு வாரினான், கறுத்துப்போச்சு. நான் வேட்டிக்குள்ள சுத்தி டிரங்குப் பெட்டியில வச்சவன்தான், ஆறு மாசமும் அதை வெளியவே எடுக்கல."