மருந்து எடுத்த வயிறு

ஸ்கேன் அறையில் விளக்கை அணைத்திருக்கிறார்கள். வலிக்குப் போட்ட ஊசியில் எழில்மதி கண்சொருகிக் கிடக்கிறாள். மஞ்சள் பாய்ந்த அவள் வயிற்றில் டாக்டரம்மா பசையைத் தடவிக் கருவியை நகர்த்துகிறாள். வலப்பக்கம் வந்ததும் கை நின்றுவிடுகிறது. சாம்பல் திரையில் கத்திரிக்காய் அளவுக்கு ஒரு கறுப்புப் பை தெரிகிறது. தலைமாட்டில் நிற்கும் தாய் பெரியம்மாள் சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டுகிறாள். மகளுக்கு அவள் மாமியார் சோற்றில் வைத்த மருந்து என்று சொல்லி, தியாகதுருகத்தில் மருந்து எடுக்கிற ஒருவன் அவள் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சித் துப்பிய உருண்டை அது. அதைச் சாட்சியாக வைத்துக்கொண்டுதான் நாலு வருஷமாக மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பாமல் இருக்கிறாள். "இன்னும் மிச்சம் உள்ள இருக்குதான்னு பாருங்கம்மா."

டாக்டரம்மா பொட்டலத்தைத் தொடவில்லை. "யாரும் எதையும் வெக்கலம்மா. பொறக்கும்போதே பித்தக்குழாய் இப்பிடி வீங்கித்தான் இருந்திருக்கு. நாலு வருஷம் முன்னாடி வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம். இப்ப புத்துநோயாயி ஈரல் பூரா பரவிடுச்சி." பெரியம்மாள் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்தபடியே வெளியே வருகிறாள். வெயில் அடிக்கிற பெஞ்சில், மாமியார் அஞ்சலை தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். "இன்னா சொன்னாங்க அண்ணி? ரசஞ்சோறு கரைச்சி கொண்டாந்துக்கிறேன். ஒரு வாய் குடுக்கட்டா?" பெரியம்மாள் கையிலுள்ள பொட்டலத்தையும் தூக்குவாளியையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அந்தப் பார்வை அஞ்சலைக்குப் பழக்கமானது. அவசரமாக மூடியைத் திறந்து, முதல் வாயை அள்ளி, பெரியம்மாள் பார்க்கத் தானே தின்று காட்டுகிறாள்.