வாகையின் நெற்றுகள்

ஒரு தோட்டத்தில் வாகையும் புங்கையும் அடுத்தடுத்து நின்றன. மதில் கட்ட இரண்டில் ஒன்றை வெட்டியாக வேண்டும். மாசி மாதம், இரண்டுமே இலையுதிர்ந்து மொட்டையாக இருந்தன. எதன் நிழல் நல்லது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை.

வாகைமேல் சாய்த்து வைத்திருந்த கோடாரி மெல்லக் கேட்டது: "பக்கத்துல நிக்கிற புங்கை எப்படி?"

"அதுவா? பட்டுப்போய் ரெண்டு வருஷமாச்சு," என்று வாகை கூசாமல் சொன்னது.

பிறகு மரம் வெட்ட வந்தவர்கள் கோடாரியை எடுத்துப் புங்கைமேல் சாய்த்தார்கள். அங்கே நடந்த பேச்சு வாகைக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்காரி குழல்மொழி வந்து இரண்டு மரத்தையும் நகத்தால் கீறிப் பார்த்தாள். இரண்டிலும் பச்சை தெரிந்தது.

"ரெண்டும் உசிரோடதானே இருக்கு! மதிலைத் தள்ளிக் கட்டிக்கலாம், விடுங்க," என்றாள்.

சித்திரையில் இரண்டும் தளிர்த்தன. புங்கை சொன்னது: "அன்னிக்குக் கோடாரி எங்கிட்ட உன்னைப் பத்தி விசாரிச்சுது. என் நிழலைவிட வாகை நிழல்தான் பெருசுன்னு சொல்லிட்டேன். உங்கிட்டயும் என்னைப் பத்திக் கேட்டுச்சா?"

"இல்லையே," என்றது வாகை.

துளிக் காற்று இல்லை. ஆனாலும் வாகையின் காய்ந்த நெற்றுகள் அத்தனையும் கலகலவென்று நடுங்கின.